பின்பக்கத்து டம்மி

வேனுக்கு அடியில் மல்லாந்து படுத்திருந்த நீலாவதியின் கழுத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் விழுந்தது. அவள் துடைக்கவில்லை. அது எங்கிருந்து விழுகிறது என்று பார்க்கத்தான் அங்கே படுத்திருந்தாள். கைபேசி வெளிச்சத்தை மேலே திருப்பினாள். எஞ்சினும் கியர்பாக்ஸும் சேரும் இடுக்கில் அடுத்த சொட்டு திரண்டு, பருத்து, கொஞ்சம் தயங்கி, விழுந்தது. துரு நிறத்தில் இருந்தது.

"தெரியுதாம்மா?" என்று மேலேயிருந்து அய்யூப் பாய் கேட்டார். டிரைவர் சீட்டைத் தூக்கி வெளியே வைத்துவிட்டு, ரேடியேட்டர் வாயில் மாட்டிய கைப்பம்பை அழுத்திக்கொண்டிருந்தார்.

"முன்னாடி ஒண்ணும் இல்ல பாய். பின்னாடிதான் வருது. கியர்பாக்ஸ் ஜாயின்ட்ல."

பம்பின் சத்தம் நின்றது. "இன்னொரு தடவ பாரு."

"மூணு தடவ பாத்துட்டேன்."

அவள் நகர்ந்து வெளியே வந்தபோது அய்யூப் பாய் சக்கரத்தின்மேல் உட்கார்ந்து தாடியைச் சொறிந்துகொண்டிருந்தார். புரோத்ராபூர் ரோட்டோரத்தில் அவருடையது ஒற்றைத் தகரக் கொட்டகை. சனிக்கிழமை காலை எட்டு மணிக்கே தகரம் சூடேறிவிட்டது.

"வாட்டர் பம்ப் போகல. ஓஸ் போகல. டம்மி போயிருக்கு" என்றார்.

எஞ்சின் பிளாக்கை வார்க்கும்போது விடுகிற ஓட்டைகளைப் பிறகு கிண்ணம் போன்ற சின்னத் தகட்டு மூடிகளை அடித்து அடைத்துவிடுவார்கள். மூடிக்கு அந்தப் பக்கம் எஞ்சினைக் குளிர வைக்கும் தண்ணீர் ஓடும். அந்த மூடிக்குத்தான் டம்மி என்று பெயர். இந்த வண்டியில் பக்கவாட்டில் மூன்று, பின்பக்கம் ஒன்று. போயிருந்தது பின்பக்கத்து டம்மி. அதைத் தொட வேண்டுமானால் கியர்பாக்ஸை இறக்க வேண்டும், கிளட்ச்சைக் கழற்ற வேண்டும், ஃப்ளைவீலைக் கழற்ற வேண்டும்.

"சட்டைப் பித்தானுக்கு ஊசி நூல் எடுக்கப் போய் வீட்டையே இடிக்கிற வேல இது" என்றார் அய்யூப் பாய்.

"பத்து நாளைக்கு முன்னாடிதானே பாய் பம்ப் மாத்தினேன். அந்த ஆளு, இனி அஞ்சு வருஷத்துக்குக் கவல இல்ல தீதின்னு சொன்னான்."

"அவன் முன்னாடி பாத்தான். தண்ணி பின்னாடி போச்சு. விடு."

நீலாவதியால் விட முடியவில்லை. வியாழக்கிழமை காலை, சௌல்தாரி ஏற்றத்தில் பதினாலு பிள்ளைகளோடு, அவள் பள்ளிக்காக ஓட்டும் சொந்த வேன் புகைந்து நின்றது. பிள்ளைகளை ஒவ்வொருவராக இறக்கி நிழலில் வரிசையாக நிறுத்தி, பெற்றோருக்கெல்லாம் போன் போட்டு, கடைசிப் பிள்ளையும் ஒருவர் பைக்கில் ஏறிப் போகும்வரை அவள் ரோட்டிலேயே நின்றாள். ஒன்பது வருஷத்தில் அவள் வண்டி பள்ளிக்குப் போகாத முதல் நாள் அது. பள்ளியில் வண்டிகளைப் பார்த்துக்கொள்ளும் ரவிக்குமார் சாரை மத்தியானம் நேரில் போய்ப் பார்த்தாள். அவர் கோபப்படவே இல்லை. "வெள்ளிக்கிழம நான் மேனேஜ் பண்ணிக்கிறேன். சனி, ஞாயிறு லீவு. மண்டே காலைல வண்டி பக்காவா இருக்கணும், தீக் ஹை?" என்றார். அவர் கோபப்படாததே அவளுக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது.

"திங்கக்கிழம காலைல ஆறேகாலுக்கு வண்டி ஸ்டாப்ல நிக்கணும் பாய்."

அய்யூப் பாய் பதினேழாம் நம்பர் ஸ்பேனரை எடுத்து அவள் கையில் கொடுத்தார். அவருடைய ஆள் பக்ரீதுக்கு முன்கூட்டியே தீவைவிட்டு மெயின்லேண்ட் போய்விட்டான். நீலாவதியின் புருஷன் சொக்கலிங்கம் இன்னொரு தீவில், ஹட் பேயில், ரோடு காண்ட்ராக்டரிடம் வேலை பார்க்கிறான். கப்பல் கிடைத்தால்தான் வருவான். கூட நின்று தாங்குவதற்கு இந்தக் கொட்டகையில் வேறு ஆள் இல்லை. அவள் சுடிதாருக்கு மேல் போட்டிருந்த புருஷனின் பழைய சட்டையின் கைகளை மடித்துவிட்டுக்கொண்டாள்.

கியர்பாக்ஸைப் பிடித்திருந்த ஆறு போல்ட்டுகளில் ஐந்து வந்தன. மேலே, கைக்கு எட்டாத மூலையில் இருந்த ஆறாவது வரவில்லை. மண்ணெண்ணெய் விட்டார்கள். சுத்தியலால் தட்டினார்கள். ஸ்பேனர் முனையில் குழாயைச் சொருகி இருவரும் சேர்ந்து தொங்கினார்கள். போல்ட்டின் தலை மழுங்கி, ஸ்பேனர் வழுக்கி, நீலாவதியின் விரல் முட்டிகள் சேஸியில் மோதித் தோலுரிந்தன. அவள் கையை உதறிக்கொண்டு எழுந்து கொட்டகைக்கு வெளியே போய் ரோட்டைப் பார்த்தபடி கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு திரும்பி வந்து மறுபடியும் படுத்தாள். அய்யூப் பாய் உளியை வைத்துத் தலையை வெட்டி எடுத்து முடித்தபோது மத்தியான லுஹர் தொழுகைக்கான பாங்கு கேட்டது.

இரண்டு மணிக்கு மேல் டம்மி கண்ணுக்குத் தெரிந்தது. ஓர் எலுமிச்சம்பழத்தின் அகலம்தான். முகமெல்லாம் துருக் கொப்புளம். நடுவில் கடுகளவு ஒரு ஓட்டை.

"இதுக்கா?" என்றாள் நீலாவதி.

அய்யூப் பாய் மழுங்கல் உளியை ஓர் ஓரத்தில் வைத்துத் தட்டினார். டம்மி குழிக்குள்ளேயே குறுக்காகத் திரும்பியது. குறட்டால் பிடித்து இழுத்ததும் பிளாக்கிலிருந்து காப்பிக் கசடு போன்ற சகதி வழிந்தது. அதில் கொஞ்சத்தை விரலில் எடுத்துத் தேய்த்துப் பார்த்தார்.

"என்ன தண்ணி ஊத்துற?"

"கெணத்துத் தண்ணி. கோடையில குழாய்ல மூணு நாளைக்கு ஒரு தடவதானே வருது? அது சோறாக்கவே பத்தல."

"கூலன்ட் ஊத்தணும்மா. கெணத்துத் தண்ணி உள்ளயிருந்து தின்னுடும்."

"தெரியும் பாய்" என்றாள் அவள் சற்று வெடுக்கென்று. "எல்லாம் தெரியும்."

கழற்றிய டம்மியை அளந்தார். நாற்பது எம்.எம்.

அதைக் காகிதத்தில் பொதிந்துகொண்டு நீலாவதி டவுனில் ஸ்பேர் பார்ட்ஸ் கடைகளுக்குப் பஸ் ஏறினாள். முதல் கடையில் முப்பத்தெட்டு இருந்தது. இரண்டாவது கடையில் நாற்பத்திரண்டு இருந்தது. மூன்றாவது கடையில் கல்லாவில் இருந்தவர் காகிதப் பொதியைப் பிரித்துக்கூடப் பார்க்காமல், "டிரைவர் கோ பேஜோ, தீதி" என்றார். டிரைவரை அனுப்பு, அவனுக்குத்தான் என்ன வேண்டும் என்று தெரியும் என்பது அதன் பொருள்.

"மை ஹீ டிரைவர் ஹூம்" என்றாள் நீலாவதி. நான்தான் டிரைவர்.

அவர் அவளுடைய கைகளைப் பார்த்தார். கிரீஸையும் உரிந்த முட்டிகளையும் பார்த்துவிட்டு, எழுந்து போய் இரண்டு டப்பாக்களைத் துழாவினார். இல்லை. மெயின்லேண்டிலிருந்து சரக்கு வர வேண்டும், அடுத்த வெள்ளிக்கிழமை கப்பல் வந்தால் கிடைக்கும் என்றார். வந்தால்தான். நான்காவது கடைக்கு அவள் போனபோது ஷட்டரை இறக்கிக்கொண்டிருந்தார்கள்.

பஸ் ஸ்டாண்டில் நின்று ரவிக்குமாருக்குப் போன் செய்தாள். மணி அடித்து ஓய்ந்தது. மறுபடியும் செய்தாள். மூன்றாவது முறை எடுத்தார். பின்னால் டி.வி. சத்தம் கேட்டது.

"சார், ஒரு பார்ட் மட்டும் கிடைக்க மாட்டேங்குது. எப்படியும் மண்டேக்கு ரெடி பண்ணிடுவேன். ஒருவேள ஒரு நாள் முன்னப்பின்ன ஆனா..."

"ஆமாமா, பாத்துக்கலாம். நீங்க வண்டிய ரெடி பண்ணுங்க முதல்ல."

"ரூட்டு ஒண்ணும் பிரச்ன இல்லையே சார்?"

"அதான் சொல்றேன்ல, பாத்துக்கலாம்" என்று சொல்லி அவர் வைத்துவிட்டார்.

அவள் கொட்டகைக்குத் திரும்பியபோது அய்யூப் பாய் பிளாக்கின் குழியை உப்புத்தாளால் தேய்த்துப் பளபளவென்று ஆக்கியிருந்தார். அவள் வெறுங்கையை விரித்துக் காட்டினாள்.

"ரெண்டு எம்.எம்.தானே கூட இருக்கு? நாப்பத்திரண்ட உரசிக் கொறைக்க முடியாதா பாய்? இல்ல, எம்-சீல் வச்சு அடச்சு ஒரு வாரம் ஓட்டுனா?"

"பிள்ளைங்களத்தானே ஏத்திட்டுப் போற?"

கழற்றி வைத்திருந்த டிரைவர் சீட்டில் அவள் போய் உட்கார்ந்தாள். அழுகை வரும்போல இருந்தது, ஆனால் வரவில்லை. வந்தது எரிச்சல்தான். பம்ப் மாற்றியவன்மேல், கிணற்றின்மேல், கப்பலின்மேல், கடுகளவு ஓட்டையின்மேல், இது எதற்கும் கோபப்படாமல் ஒரு திருகாணியைத் துடைத்துக்கொண்டிருக்கும் அய்யூப் பாயின்மேலும்கூட.

அவர் துடைப்பதை நிறுத்தினார். "போட் எஞ்சின்" என்றார்.

"என்ன?"

"மீன்பிடி போட்ல போடுற டீசல் எஞ்சின். அதுலயும் இதே சைஸ் உண்டு. ஜங்லிகாட்ல தஹ்ஸீன் கிட்ட இருக்கும். நாளைக்குக் காலைல போவோம்."

தஹ்ஸீன் படகு எஞ்சின்களைப் பழுது பார்ப்பவர். ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்கு இவர்களைப் பார்த்ததும், "அரே பாய், சண்டேகூட விடமாட்டீங்களா?" என்று சலித்துக்கொண்டே பூட்டைத் திறந்தார். பழைய பால் பவுடர் டப்பாவைக் கீழே கவிழ்த்தார். வாஷர்கள், ஆணிகள், நட்டுகள் எல்லாம் உருண்டன. அவற்றுக்கு நடுவில் மஞ்சளாக இரண்டு டம்மிகள் கிடந்தன. அய்யூப் பாய் கிணற்றுத் தண்ணீர்க் கதையைச் சொல்லிக்கொண்டே அளந்தார். நாற்பது.

"பித்தளையா?" என்றாள் நீலாவதி.

"கடல் தண்ணிக்குப் போடுறதும்மா. உங்க கெணறு என்ன செய்யும் இத?" என்றார் தஹ்ஸீன். "மொத்தமே ரெண்டுதான் இருக்கு. பாத்து அடிங்க."

நேற்றிலிருந்து முதல் தடவையாக நீலாவதி சிரித்தாள்.

கொட்டகைக்குத் திரும்பி அடித்ததில் முதல் டம்மி கோணிக்கொண்டது. அய்யூப் பாய் குழியில் பசை தடவி, டம்மியை நேராக வைத்து, அதன் கிண்ணத்துக்குள் அடங்கும் ஒரு பாக்ஸ் ஸ்பேனரை வைத்துச் சுத்தியலால் அடித்தார். இரண்டு அடி நன்றாகத்தான் இறங்கியது. மூன்றாவது அடிக்கு முன் கரண்டு போய் விளக்கு அணைந்தது. ஓங்கிய கை நிற்கவில்லை. நீலாவதி கைபேசி வெளிச்சத்தைப் பாய்ச்சிப் பார்த்தபோது டம்மியின் ஒரு பக்கம் உள்ளேயும் மறுபக்கம் வெளியேயும் இருந்தது. அய்யூப் பாய் சுத்தியலைக் கீழே வைத்தார். அதைக் குறட்டால் பிடுங்கினார். அது நசுங்கிப்போய் வந்தது.

"கரண்டு வரட்டும் பாய்."

"எப்ப வரும்னு யாருக்குத் தெரியும்? நீ லைட்டப் பிடி. நேரா இருக்கான்னு நீ சொல்லு, நான் அடிக்கிறேன்."

அவள் தரையில் கன்னம் படுகிற அளவுக்குக் குனிந்தாள். "மேல கொஞ்சம். இன்னும் கொஞ்சம். அடிங்க. நில்லுங்க. இடது பக்கம் தூக்கியிருக்கு. அடிங்க. மெதுவா." ஒவ்வோர் அடிக்கும் அவள் பல்லைக் கடித்தாள். ஏழாவது அடியில் சத்தம் மாறியது. அதுவரை தகரம்போல ஒலித்தது, இப்போது கல்லில் அடித்ததுபோலக் கெட்டியாக ஒலித்தது. அய்யூப் பாய் விளிம்பைச் சுற்றி விரலை ஓட்டினார். அவளுடைய விரலையும் பிடித்து ஓட்டச் சொன்னார். சுற்றிலும் ஒரே மட்டமாக இருந்தது.

அதன்பின் ஃப்ளைவீல், கிளட்ச். மாலை நாலு மணிக்குக் கியர்பாக்ஸை ஜாக்கியில் ஏற்றினார்கள். அதன் தண்டு கிளட்ச் தட்டின் பற்களுக்குள் சரியாகப் போய் நுழைய வேண்டும். நுழையவில்லை. நீலாவதி கியர்பாக்ஸின் அடியில் முழங்காலை முட்டுக் கொடுத்து, நெஞ்சோடு அணைத்துத் தள்ளினாள். பாதி போய் நின்றது. இறக்கினார்கள். மறுபடி ஏற்றினார்கள். நாலாவது தடவை அவள் வாயில் வந்த வார்த்தையைக் கேட்டு அய்யூப் பாய் முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தார். அந்தச் சிரிப்பில் ஜாக்கி அசைந்ததோ என்னவோ, கியர்பாக்ஸ் வழுக்கிக்கொண்டு போய் இடத்தில் உட்கார்ந்தது.

இருட்டும் நேரத்தில் கூலன்ட் ஊற்றி எஞ்சினைக் கிளப்பினார்கள். அரை மணி நேரம் ஓடவிட்டு, வேனுக்கு அடியில் ஓர் அட்டையைப் போட்டு அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். அட்டை காய்ந்தே கிடந்தது. நீலாவதி ரவிக்குமாருக்கு வாட்ஸ்அப்பில் பேசி அனுப்பினாள்: "சார், வண்டி ரெடி. காலைல வந்துடுவேன்." இரண்டு டிக்கும் நீலமாயின. பதில் வரவில்லை. கேட்டுவிட்டார், அது போதும் என்று நினைத்தாள். வீட்டுக்குப் போய், இருந்த ஒரு குடம் தண்ணீரில் சீட்டுகளையும் கண்ணாடியையும் துடைத்தாள்.

திங்கட்கிழமை ஆறு பத்துக்கே சௌல்தாரியில் முதல் ஸ்டாப்பில் வேன் நின்றது. வெயில் வந்துவிட்டிருந்தது. எஞ்சின் சீராக ஓடிக்கொண்டிருந்தது. ஆறேகாலுக்கு அகிலா தன் மகளைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தாள். எல்.கே.ஜி.யிலிருந்து நாலாம் வகுப்பு வரைக்கும் அந்தப் பிள்ளை நீலாவதியின் வண்டியில்தான் போய்க்கொண்டிருக்கிறது. வேனைப் பார்த்ததும் அகிலா நின்றுவிட்டாள்.

"என்ன அகிலா, லேட்டாகுது. ஏத்து."

"அக்கா..." அகிலா மகளின் கையை விடவில்லை. "உங்களுக்குத் தெரியும்னுல்ல நெனச்சேன். ஸ்கூல் குரூப்ல மெசேஜ் வந்துச்சே. மண்டேல இருந்து இந்த ரூட்டுக்குப் புது வண்டின்னு."

பெற்றோர் குரூப்பில் டிரைவர்களைச் சேர்ப்பதில்லை.

"எப்ப வந்துச்சு?"

அகிலா கைபேசியை எடுத்துத் தேடினாள். தேடிக் கண்டதும் படிக்காமல் அப்படியே நீட்டினாள். வியாழக்கிழமை காலை எட்டு இருபது. அந்த நேரத்தில் நீலாவதி கடைசிப் பிள்ளையோடு ரோட்டோரத்தில் நின்றுகொண்டிருந்தாள். ரவிக்குமாரைப் போய்ப் பார்த்தது அதற்குப் பிறகுதான்.

அவள் போனைத் திருப்பிக் கொடுத்தாள். தன் போனிலிருந்து ரவிக்குமாருக்குப் போட்டாள். எடுக்கவில்லை. மறுபடி போட்டாள். துண்டித்தார்.

அதற்குள் பின்னாலிருந்து ஒரு வெள்ளை வேன் வந்து நின்றது. சீட்டுகளில் பாலிதீன் உறை இன்னும் பிரிக்கப்படவில்லை. இருபத்தைந்து வயதுக்காரன் ஒருவன் கைபேசியை உயர்த்திப் பிடித்தபடி இறங்கினான்.

"அக்கா, சௌல்தாரி ஃபர்ஸ்ட் ஸ்டாப் இதுதானே? மேப் வொர்க் ஆகல. இங்க நெட்டே வரல."

"இது யாரு வண்டி?" என்றாள் நீலாவதி.

"ரவிக்குமார் சாரோட மச்சான் வண்டிக்கா. மார்ச்லயே எடுத்தது. ரூட் கிடைக்கட்டும்னு சும்மா நிறுத்தி வச்சிருந்தாங்க." அவள் வேனில் எழுதியிருந்த பள்ளியின் பெயரையும் அவள் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தவன் சட்டென்று குரலை இறக்கினான். "நீங்கதானா அந்த... எனக்கு ஒண்ணும் தெரியாதுக்கா. நான் ஹட் பே. போன வாரம்தான் வந்தேன். எம் பேரு கௌதம்."

அகிலா மகளை வெள்ளை வேனில் ஏற்றினாள். நீலாவதியின் பக்கம் பார்க்காமல், "வரேன்க்கா" என்று சொல்லிவிட்டு வேகமாக நடந்தாள்.

கௌதம் போகாமல் நின்றான். கைபேசியில் யாரோ ஆங்கிலத்தில் தட்டி அனுப்பிய பட்டியல் ஒன்றைக் காட்டினான். "இந்த ப்ரிட்ஜ் ஸ்டாப்னு போட்டிருக்கே, எந்தப் பக்கம்? ஏழரைக்குள்ள போகணும்னு சார் சொன்னாரு."

நீலாவதி பட்டியலைப் பார்த்தாள். பாதி ஸ்டாப்புகளின் பெயர்கள் தப்பு. மணி ஆறு இருபத்தெட்டு. பாலத்தடி ஸ்டாப்பில் இந்நேரம் யு.கே.ஜி. இரட்டைப் பிள்ளைகள் தனியாக ரோட்டோரம் வந்து நின்றிருப்பார்கள். அவர்களின் அம்மாவும் அப்பாவும் ஐந்தரைக்கே படகு ஜெட்டிக்கு வேலைக்குப் போய்விடுகிறவர்கள். லாரிகள் அந்த வளைவில் வேகம் குறைப்பதில்லை.

"சொன்னா உனக்குப் புரியாது" என்றாள். "ரெண்டு சந்து உள்ள போய்த் திரும்பணும்."

"அப்ப இன்னிக்கு ஒரு நாள் நீங்க முன்னாடி போறீங்களாக்கா? நான் அப்படியே ஃபாலோ பண்றேன்."

அவள் அவனை முறைத்தாள். அவன் கண்ணைத் தாழ்த்திக்கொண்டான், ஆனால் நகரவில்லை. அவள் ஏறி உட்கார்ந்து கதவை அறைந்து சாத்தினாள்.

பாலத்தடியில் இரட்டைப் பிள்ளைகள் அவள் வேனைக் கண்டதும் கை ஆட்டினார்கள். அவள் இறங்கி, ஆளுக்கொரு கையைப் பிடித்துக் கூட்டிப்போய்ப் பின்னால் நின்ற வேனில் ஏற்றிவிட்டு வந்தாள். ரேஷன் கடை ஸ்டாப்பில் மூன்று பேர். வெள்ளை வேனுக்குள் பிள்ளைகளின் சத்தம் கூடிக்கொண்டே வந்தது. இவள் வண்டியில் எஞ்சின் சத்தம் மட்டும் கேட்டது.

கோழிப்பண்ணை ஸ்டாப்பில் இர்பானா நின்றாள். இரண்டாம் வகுப்பு. ஓடி வந்து எப்போதும்போலக் கதவின் கைப்பிடியைப் பிடித்து இழுத்தாள்.

நீலாவதி கண்ணாடியை இறக்கினாள். "இது இல்லடா. பின்னாடி வண்டி."

இர்பானா பின்னால் எட்டிப் பார்த்தாள். பிறகு குதிகாலைத் தூக்கி இந்த வேனுக்குள் பார்த்தாள்.

"இதுல இவ்ளோ எடம் இருக்கே, ஆன்ட்டி?"

வெள்ளை வேன் ஒருமுறை மெல்ல ஹாரன் அடித்தது. பிள்ளை ஓடினாள். அவள் ஏறி, கதவு சாத்தப்படும்வரை நீலாவதி பக்கவாட்டுக் கண்ணாடியில் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு வண்டியை எடுத்தாள். அடுத்த சந்து குறுகலானது, தெரியாதவர்கள் தாண்டிப் போய்விடுவார்கள். திருப்பம் வருவதற்கு வெகு தூரம் முன்பே அவள் இடது இண்டிகேட்டரைப் போட்டாள்.